வெறுங்கையோடு கோடு தொட்டவர்

"அந்தப் படத்தை நிப்பாட்டேலுமோ, சுகி?"

வோல்டர் இதைக் கேட்டபோது அவருடைய இடது கால் என் மடியில் இருந்தது. வீக்கத்துக்குப் போடும் இறுக்கமான காலுறையைக் குதிக்காலுக்கு மேலே இழுத்துக்கொண்டிருந்தேன். இன்னொருவருக்கு அந்தக் காலுறையைப் போட்டுவிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது ஒரு மல்யுத்தம். பாதியில் நிறுத்திப் பதில் சொல்ல முடியாது.

"எந்தப் படம்?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"இங்கர் காலைச் சாப்பாட்டில எல்லாத்தையும் சொல்லிட்டா."

இங்கர் அடுத்த அறைக்காரி. அவரிடம் ஒரு இரகசியத்தைச் சொல்வதும் ரேடியோவில் அறிவிப்பதும் ஒன்று. இது தெரிந்திருந்தும் வோல்டரின் மகள் லீனா முதல்நாள் அவரிடம்தான் போய் விசயத்தைச் சொல்லியிருக்கிறாள்.

இரண்டு மூன்று வருடத்துக்கு முந்திய புதுவருட நாள் அது. டென்மார்க்கின் ஓகூஸ் நகரம் இன்னும் எழும்பவில்லை. நான் வேலைக்கு வந்த பேருந்தில் ஓட்டுநரும் நானும்தான். முதியோர் இல்லத்து முற்றமெல்லாம் எரிந்த வாணக் குச்சிகளும் நனைந்த கடதாசியும் கிடந்தன. அறைக்குள் மட்டும் கோப்பி வாசம்.

"மூண்டு மணிக்கு எல்லாரும் அதைப் பாக்கப் போகினம். லீனாவும் பாப்பாள்," என்றார் வோல்டர். அவருடைய கை என் தோளில் இருந்தது. அது என் சட்டையை இறுக்கிப் பிடித்தது.

டெனிஷில் எல்லாருக்கும் ஒரே "நீ"தான், ராசாவைத் தவிர. ஆனால் தொண்ணூறு தாண்டிய மனிதரை நீ என்று எழுத என் கை கூசுகிறது. ஆகவே நாங்கள் டெனிஷில் கதைத்ததை எங்கள் வீட்டுத் தமிழிலேயே சொல்கிறேன். வோல்டர் என்பதும் நான் வைத்த பெயர்தான். எழுதச் சம்மதம் தந்தது அவர்.

சுவரில் இருந்த பெடியன்

வோல்டர் அமெரிக்கர். அங்கே படிக்க வந்திருந்த ஒரு டெனிஷ் பெட்டையின் பின்னாலே வந்து, இங்கேயே தங்கிவிட்டார். துறைமுகத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிப் பத்து வருடம் இருக்கும். ஒரே மகள் லீனா, கொப்பன்ஹேகனில் ஆசிரியை.

அவருடைய கட்டிலுக்கு மேலே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்கும். அலுமாரி அகலத் தோளோடு ஒரு பெடியன், கக்கத்தில் தலைக்கவசம். உடுப்பில் 31 என்ற இலக்கம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பற்றிக் கேட்பார்கள். அவரும் எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"கல்லூரியில அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடினனான். ஒருக்கா புதுவருட நாளில பெரிய ஸ்ரேடியத்தில."

அதோடு வாயை மூடிவிடுவார். நான் அதைத் தன்னடக்கம் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஆட்கள் இரண்டு மைல் சைக்கிள் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்ததையே முப்பது வருடம் சொல்வார்கள். இந்த மனிதர் இவ்வளவு பெரிய விளையாட்டை ஒரு வசனத்தில் முடிக்கிறாரே என்று மரியாதைகூட வந்தது.

அந்த விளையாட்டு என்னவென்று பிறகுதான் விளங்கியது. அங்கே கல்லூரி அணிகள் குளிர்காலம் வரைக்கும் விளையாடும். அதில் நன்றாகச் செய்த அணிகளைப் புதுவருடத்தை ஒட்டி, வெயில் உள்ள ஒரு ஊருக்கு அழைத்துக் கடைசியாக ஒரு ஆட்டம் வைப்பார்களாம். அதற்குக் "போல்" என்று பெயர், கிண்ணம் என்று அர்த்தம். கோயில் திருவிழாவில் தேர் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. வோல்டர் ஓடியது ஐம்பதுகளில்.

அந்த ஆட்டத்தின் பழைய படச்சுருளை அந்தக் கல்லூரி அண்மையில் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. லீனா அதைத் தேடிப் பிடித்துவிட்டாள். ஆட்டம் நடந்த அதே புதுவருட நாளில், இல்லத்துப் பெரிய ரீவியில் போட்டு, அப்பாவுக்கு ஒரு ஆச்சரியம் கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

அவர் சொல்லாமல் விட்டது

"சுகி, நான் அண்டைக்கு வெல்லேல்ல. நான்தான் தோக்கடிச்சனான்," என்றார் வோல்டர்.

காலுறையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன்.

அவர் மேலதிக ஆட்டக்காரராம். பெஞ்சில் இருந்து குளிர்ந்து போனதுதான் மிச்சம். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒரு பெடியனுக்குக் கணுக்கால் பிரண்டதால் இவரை இறக்கியிருக்கிறார்கள். பந்தைக் கையில் கொடுத்தார்கள். எதிராளியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் அதைக் கொண்டுபோனால் வெற்றி. அந்த ஆட்டத்தில் எண்ணுவது அதைத்தான், பந்தை.

"ஓடினன். கோட்டுக்குக் கிட்ட வரேக்க நாலு பேர் என்னில விழுந்தாங்கள். பந்து கையை விட்டுப் போட்டுது. எனக்குத் தெரியேல்ல, சுகி. நான் அந்த நாலு பேரையும் முதுகில இழுத்துக்கொண்டு தவண்டு போய், வலக்கையை நீட்டிக் கோட்டைத் தொட்டன். தொட்டுப்போட்டுத் தலையைத் தூக்கிச் சிரிச்சன்."

வலக்கையை விரித்துப் பார்த்தார்.

"மற்றப் பக்கத்துப் பெடியள் பந்தை எடுத்துக்கொண்டு, வெண்ட சந்தோசத்தில அப்பவே துள்ளத் தொடங்கிட்டாங்கள்."

அடுத்த நாள் பத்திரிகையில் அந்தச் சிரிப்பு வந்ததாம். வெறுங்கையைக் கோட்டில் வைத்துக்கொண்டு வெற்றி பெற்றவன்போல் சிரிக்கும் முட்டாள். பாண் வாங்கப் போனாலும் கடைக்காரன் வெறுங்கையை நீட்டிக் காட்டிச் சிரித்தானாம். படிப்பு முடியும்வரை அந்த வெறுங்கை அவரை விடவில்லை.

"மனுசிக்குச் சொன்னீங்களோ?" என்று கேட்டேன்.

"நல்லாய் விளையாடினியோ எண்டு கேட்டா. நல்லாய் ஓடினன் எண்டன். அது பொய்யில்லைத்தானே?"

லீனா சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தன் அப்பா அமெரிக்காவில் வீரர் என்று சொல்லித் திரிந்திருக்கிறாள். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியவளும் அவள்தான். இவரும் மறுக்கவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாக மறுக்கவில்லை. இன்றைக்கு மூன்று மணிக்கு, மகளுக்கு முன்னால், அது ரீவியில் ஓடப் போகிறது.

சின்ன விசயம்தானே என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. தொண்ணூறு வயதில் ஒருவர் இப்படி இறுக்கிப் பிடித்தால் அது சின்ன விசயம் இல்லை.

"வயித்துக்குத்து எண்டு படுத்திடுங்கோவன்," என்றேன்.

"அப்ப லீனா பக்கத்தில இருந்து தன்ர ரெலிபோனில போட்டுக் காட்டுவாள்."

அதுவும் சரிதான். அவளை எனக்கும் தெரியும்.

"நீங்கள் லீனாவுக்குச் சொல்லக்கூடாது," என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நோயாளி சொன்னதை வெளியே கதைப்பதில்லை என்று நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்து வைத்தவள். சத்தியம் வேறு எதற்கு? ஆனாலும் செய்தேன். "படம் ஓடாமல் பாக்கிறன்," என்றும் சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும்.

நானே கூட்டிவந்த கூட்டம்

இந்த இடத்தில் நான் செய்த இன்னொரு காரியத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு கிழமைக்கு முன்பு லீனா எனக்குப் போன் எடுத்தாள். புதுவருட நாளில் டெனிஷ்காரர் பாதிப் பேர் தலையிடியோடு படுத்திருப்பார்கள், அறை வெறுமையாக இருந்தால் அப்பாவுக்குக் கவலையாக இருக்கும், உன் கணவரும் நண்பர்களும் வருவார்களா என்று கேட்டாள். ஆள் சேர்ப்பது என்றால் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? ஓம் என்றுவிட்டேன்.

என் கணவர் யோகனுக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை. அவருடைய கூட்டாளி சிவா அண்ணை விபோர்க் நகரில் இருக்கிறார், எந்த விளையாட்டுக்கும் தானே நடுவர் என்ற நினைப்பு உள்ளவர். இவர்களோடு இன்னும் மூன்று பேர். "விளையாட்டுப் படம், சாப்பாடும் உண்டு" என்றதும் ஐந்து பேரும் தயார்.

அப்போது எனக்கு வோல்டரின் கதை தெரியாது. இப்போது பார்த்தால், அவருடைய மானம் போவதைப் பார்க்க நானே காருக்குக் கார் ஆள் ஏற்றியிருக்கிறேன்.

உணவால் ஒரு தடுப்பு

என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் சாப்பாடு. எங்கள் வீடுகளில் ஒரு விசேசத்தை இழுக்க வேண்டுமென்றால் பந்தி வைத்தால் போதும். நாலரைக்கு இரவுச் சாப்பாட்டுக்காகப் பெரிய ரீவி உள்ள பொது அறையை விட வேண்டும். அதுவரை இழுத்தால் தப்பினோம்.

லீனா மேசையெல்லாம் சின்னச் சின்னக் கொடி குத்தி வைத்திருந்தாள். டெனிஷ்காரர் சந்தோசம் வந்தால் கொடி குத்துவார்கள். நடுவில் வளையம் வளையமாக அடுக்கிய பாதாம் கேக். பக்கத்தில் நான் கொண்டுவந்த, சுருட்டிப் பொரித்த ரோல்ஸும் வடையும்.

முதலில் ரோல்ஸ் கொடுத்தேன். பிறகு வடை. பிறகு மறுபடி ரோல்ஸ். வடைக்குள் என்ன இருக்கிறது என்று இங்கருக்குப் பருப்பை ஊறப்போடுவதிலிருந்து விளக்கினேன். கோப்பி ஆறிவிட்டது என்று சொல்லிப் புதிதாகப் போட்டேன். ரீவியில் பனிமலையிலிருந்து ஆட்கள் பறந்து குதிக்கும் போட்டி. புதுவருட நாளில் அதைப் பார்க்காவிட்டால் இங்கே சிலருக்கு வருடமே பிறக்காது. இங்கர் அதில் ஒருவர்.

"நீங்கள் முடியுமட்டும் பாருங்கோ, ஒருத்தரும் மாத்தமாட்டினம்," என்று ரிமோட்டை அவர் மடியில் வைத்தேன்.

வோல்டர் மூலையில் சக்கர நாற்காலியில் இருந்தார். வெள்ளைச் சேட்டு, கழுத்துப் பட்டி. லீனா கட்டிவிட்டது. தட்டில் வைத்த ரோல்ஸ் அப்படியே கிடந்தது. என்னை ஒருமுறை பார்த்தார். நான் கண்ணைக் காட்டினேன், எல்லாம் கையில் இருக்கிறது என்று.

ஒன்றும் கையில் இல்லை. மூன்று நாற்பதுக்குக் குழி பறித்தது என் வீட்டுக்காரர்தான்.

"இஞ்சேரும், வயிறு முட்டிப்போச்சு. உந்தப் படத்தைப் போடச் சொல்லும், போவம்," என்றார்.

"இன்னொரு வடை சாப்பிடுங்கோ."

"உமக்கென்ன விசரே? ஏழு வடை சாப்பிட்டிட்டன்."

அதற்குள் இங்கர், தனக்குப் பிடித்த நோர்வேக்காரன் விழுந்துவிட்ட கோபத்தில், ரிமோட்டை லீனாவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

கறுப்பு வெள்ளைப் புல்வெளி

படத்தில் சத்தம் இல்லை. மழை பெய்வதுபோல் கீறல்கள். தொப்பி போட்ட மனிதர்கள் நிறைந்த ஒரு பெரிய ஸ்ரேடியம். லீனா கடைசிப் பத்து நிமிடத்துக்கு நேரே கொண்டுபோனாள். "அப்பா வாறது இதிலதான்," என்றாள்.

எங்கள் ஆட்களுக்கு முதலில் ஏமாற்றம்.

"என்னடாப்பா, காலால ஒருத்தனும் அடிக்கிறான் இல்லை," என்றார் யோகன்.

"பந்தைக் கையில வச்சுக்கொண்டெல்லோ ஓடுறாங்கள்," என்றார் கூட வந்த இன்னொருவர்.

"ஆளை ஆள் அமுக்கிறாங்கள், பார்." இது சிவா அண்ணை. அவர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். "டேய், இது கபடியடா!"

அதோடு ஐந்து பேருக்கும் உயிர் வந்தது. காலை இழுத்துப் பிடிப்பது, இடுப்பில் கட்டுவது, கூட்டமாக மேலே விழுவது, எல்லாம் தெரிந்த விசயம். யார் யாரைப் பிடித்தாலும் "சபாஷ்" என்றார்கள். பந்து எங்கே போனது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

நான் வோல்டருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என் கையைப் பிடித்தார். "இப்ப வரும்," என்றார் மெல்ல. ரீவியின் வயரை இழுத்துவிடலாமா என்று சத்தியமாக யோசித்தேன். அது இங்கரின் நடைவண்டிக்குப் பின்னால் இருந்தது.

31 வந்தான். பந்தை வாங்கி ஓடினான். முதலாமவன் காலைப் பிடித்தான். இரண்டாமவன் இடுப்பை. பிறகு இன்னும் இரண்டு பேர் முதுகில். பெடியன் விழுந்தான், ஆனால் நிற்கவில்லை. நாலு பேரையும் இழுத்துக்கொண்டு தவழ்ந்தான்.

"விடாதை! இழு! இழு!" சிவா அண்ணை எழும்பிவிட்டார்.

"கோடு! கோடு! கையை நீட்டு!" யோகனும் எழும்பினார்.

படத்தில் ஒரு கை நீண்டது. விரல்கள் வெள்ளைக் கோட்டில் பட்டன. பெடியன் தலையைத் தூக்கிச் சிரித்தான்.

ஐந்து தமிழரும் போட்ட சத்தத்தில் மேசைக் கொடிகள் விழுந்தன. "தொட்டிட்டான்! நாலு பேரும் அவுட்!" ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்தார்கள். யோகன் இங்கரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இங்கரும் என்னவென்று தெரியாமல் "பிராவோ!" என்று கத்தினார். அவர் கத்தியதும் மற்ற வயோதிபர்களும் கை தட்டினார்கள்.

நான் வோல்டரைப் பார்த்தேன். அவர் திகைத்துப்போய் இருந்தார். கேலி செய்கிறார்கள் என்று நினைத்திருப்பார். முகம் சிவந்து, உதடு துடித்தது. பிறகு, நான் தடுப்பதற்குள், உரத்துச் சொல்லிவிட்டார்.

"நிப்பாட்டுங்கோ! என்னட்டைப் பந்து இல்லை. பந்தை விட்டிட்டன். நாங்கள் தோத்தது என்னாலதான்."

லீனா படத்தை நிறுத்தினாள்.

நடுவர் தீர்ப்பு

"பந்தோ?" என்றார் யோகன், உண்மையான குழப்பத்தோடு. "பந்தை விடுங்கோ. கோட்டைத் தொட்டனீங்களெல்லோ?"

பிறகு தன் தொழிற்சாலை டெனிஷில் முழு அறைக்கும் கபடி படிப்பித்தார். ஒருவன் தனியே எதிர்ப் பக்கம் போக வேண்டும். எல்லாரும் சேர்ந்து அவனை அமுக்குவார்கள். அமுக்கினாலும், பிடித்தவர்களையும் இழுத்துக்கொண்டு வந்து அவன் ஒரு விரலால் கோட்டைத் தொட்டுவிட்டால், பிடித்த அத்தனை பேரும் அவுட். "இவர் நாலு பேரை ஒரேயடியா எடுத்திட்டார்! நான் என்ர வாழ்நாளில ரெண்டு பேருக்கு மேல எடுத்ததில்லை."

"பொறு, பொறு," என்று சிவா அண்ணை கையை உயர்த்தினார். நடுவர் முகம் வந்துவிட்டது. "மூச்சு விட்டவரோ எண்டு கேக்கவேணும். இடையில மூச்சு விட்டிருந்தா ஒண்டும் செல்லாது. படத்தில சத்தம் இல்லை, எங்களுக்குத் தெரியாது." வோல்டருக்கு முன்னால் போய்க் குனிந்தார். "ஐயா, உண்மையைச் சொல்லுங்கோ. கோட்டைத் தொடும்வரைக்கும் மூச்சு விட்டனீங்களோ?"

வோல்டர் அவரைப் பார்த்தார். கேலி இல்லை என்று அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். கண்ணை மூடி, அவ்வளவு வருடத்துக்குப் பின்னால் போய், நேர்மையாக யோசித்தார்.

"இல்லை," என்றார். "நாலு பேர் மேல கிடந்தாங்கள். மூச்சு விட ஏலாமல் இருந்தது."

"அப்ப சரி," என்று நிமிர்ந்தார் சிவா அண்ணை. "நாலு பொயின்ற்."

முதலில் சிரித்தது வோல்டர்தான். தோள் குலுங்கி, கண்ணீர் வந்து, இருமி, மறுபடியும் சிரித்தார். அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

லீனா அவருக்கு முன்னால் முழங்காலில் இருந்து கைகளைப் பிடித்தாள்.

"அப்பா, நான் போன கிழமையே இதைப் பாத்திட்டன். நாலைஞ்சு தரம் பாத்தன்."

"அப்ப பந்து விழுந்தது?"

"நான் பந்தைப் பாக்கேல்ல. உங்களைத்தான் பாத்தனான்."

அவர் மகளின் தலையில் கையை வைத்தார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, செய்ய வேறு வேலை தெரியாமல், எல்லாருக்கும் மறுபடி ரோல்ஸ் கொடுத்தேன். இந்த முறை வோல்டரும் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"இன்னொருக்கா போடு," என்றார் வாய் நிறைய.

லீனா போட்டாள். எங்கள் ஆட்கள் அதே இடத்தில் எழும்பி அதே சத்தத்தைப் போட்டார்கள். மூன்றாம் முறை இங்கர், பிடித்தவர்களை விரல் விட்டு எண்ணினார். நாலாம் முறை, சாப்பாட்டுக்கு அறையை ஒழுங்கு செய்ய வந்த பெண்ணும் தட்டுகளோடு நின்று பார்த்தாள்.

ஐந்தாம் முறை, பெடியனின் கை கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போதே, எங்கள் எல்லாரையும் முந்திக்கொண்டு வோல்டர் கையை உயர்த்திக் கத்தினார்:

"நாலு பேரும் அவுட்!"